ஒரு நாவலும் ஆறு குண்டுகளும்

கதை எழுதுறவங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மூக்குத்தி போட்ட ஒரு அத்தையைக் கதையில வச்சா போதும், சொந்தத்துல இருக்கிற அத்தைங்க அத்தனை பேரும் "என்னைத்தானே எழுதினே?"ன்னு ஃபோன் போடுவாங்க. எனக்கு ரெண்டு வீட்டோட இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது :-) அமெரிக்காவில ஒருத்தருக்கு இதனால உயிரே போயிருக்கு.

அவர் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ். 1867-ல இந்தியானா மாநிலத்து மேடிசன்ல பிறந்தவர். சின்சினாட்டியில நிருபர் வேலை, அப்புறம் நியூயார்க் போய் புலிட்சரோட 'வேர்ல்ட்' பத்திரிகை. வெள்ளை சூட், கோட்டுல பெரிய பூன்னு மாப்பிள்ளை மாதிரி திரிவாராம். ஆனா ராத்திரி ஆச்சுன்னா உயரமான மேசை முன்னாடி நின்னுக்கிட்டே விடிய விடிய எழுதுவார். பத்து வருஷத்துல கிட்டத்தட்ட இருபது நாவல். (நாமெல்லாம் உக்காந்துக்கிட்டே மாசம் ரெண்டு பதிவு!)

1906-ல ஹர்ஸ்ட் நடத்தின 'காஸ்மோபாலிட்டன்' இதழ்ல 'செனட்டின் துரோகம்'னு ஒரு தொடர் எழுதினார். அப்போ செனட்டர்களை மக்கள் நேரா தேர்ந்தெடுக்க முடியாது, நம்ம ராஜ்யசபா மாதிரி மாநில சட்டசபைகள்தான் அனுப்பும். அதனால ரயில்வே கம்பெனிக்காரங்க, எண்ணெய் முதலாளிகளுக்கெல்லாம் ரொம்ப வசதி. முதல் அடி நியூயார்க் செனட்டர் சான்சி டெப்யூவுக்கு. அப்புறம் ஆல்ட்ரிச். அவர் பொண்ணைக் கட்டினவர் ராக்ஃபெல்லரோட மகன்னா பாத்துக்குங்க.

ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம். இந்த மாதிரி எழுதுறவங்க குனிஞ்சு குப்பையையே கிளறிக்கிட்டு இருக்கிற ஆளுங்கன்னு அந்த ஏப்ரல்ல ஒரு பேச்சு பேசினார். பேரைச் சொல்லலை, ஆனா யாரைன்னு ஊருக்கே தெரியும். ஃபிலிப்ஸுக்கு அது ஆழமா தைச்சிருச்சு. தொடர் முடிஞ்சதும் நாவல் பக்கமே ஒதுங்கிட்டார். நாவல்னா வம்பில்லைன்னு நமக்குத் தோணும் இல்லையா?

1909-ல 'ஜோஷுவா க்ரெய்க்' நாவல் வருது. அதுல மார்கரெட்னு ஒரு வாஷிங்டன் பொண்ணு. மேட்டுக்குடி, பாட்டி காசுல வாழ்க்கை, கல்யாண வயசு கடந்துக்கிட்டு இருக்கு. அந்தக் காலத்து வாஷிங்டன்ல தெருவுக்கு ஒருத்தி இப்படி இருந்திருப்பா. ஆனா ஃபிட்ஸ்ஹ்யூ கோல்ட்ஸ்பரோன்னு ஒரு வயலின் கலைஞருக்கு, அது தன் தங்கச்சியேதான்னு மனசுல விழுந்துருச்சு. ஃபிலிப்ஸுக்கோ அந்தக் குடும்பமே தெரியாது.

1911 ஜனவரி 23. கிராமர்சி பூங்கா பக்கம் அக்காவோட குடியிருந்த ஃபிலிப்ஸ், பிரின்ஸ்டன் கிளப்புக்கு நடந்து போறார். வாசல் கிட்ட கோல்ட்ஸ்பரோ ஆறு தடவை சுட்டுட்டு, அங்கேயே தன்னையும் சுட்டுக்கிட்டார். ஃபிலிப்ஸ் மறுநாள் ராத்திரி பெல்வியூ ஆஸ்பத்திரியில போயிட்டார். வயசு 43.

செனட்டரை மக்களே நேரா தேர்ந்தெடுக்கலாம்ங்கிற 17-வது சட்டத்திருத்தம் 1913-ல வந்தது. அதை அவர் பாக்கலை. செனட்டர்கள் யாரும் அவரைத் தொடலை, தொட்டது ஒரு வாசகர்ங்கிறதுதான் எனக்கு இன்னும் ஜீரணம் ஆகலை.

வருஷக்கணக்கா எழுதித் திருத்தின 'சூசன் லெனாக்ஸ்' நாவலோட கையெழுத்துப் பிரதி மட்டும் வீட்டுல இருந்தது. தப்பான உறவுல பிறந்தவள்னு ஊர் ஒதுக்கின ஒரு பொண்ணு, தெருவுக்கு வந்து பிழைக்கிற கதை. 1917-ல புத்தகமா வந்ததும் ஒழுக்கக் காவலர்கள் கத்திரியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. 1931-ல அதையே படமா எடுத்தாங்க, கிரேட்டா கார்போ சூசனா நடிச்சாங்க.