இரண்டு கடிகாரம், ஒரே மணி

சிங்கப்பூர், தெம்பனிஸில் இருக்கும் அந்த அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள். ஒன்று உள்ளூர் நேரத்துக்கு. இன்னொன்று, நியூயார்க்கில் வேலை பார்க்கும் மகளுக்காக அப்பா மாட்டியது. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் 13 மணி நேர வித்தியாசம். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சரியாக 12. அந்த மாதங்களில் இரண்டு கடிகாரமும் ஒரே மணியைத்தான் காட்டும். "இதுக்கு எதுக்குங்க ரெண்டு?" என்று அம்மா கேலி செய்வார்.

ஜூலை மாதத்தில் ஒருநாள். நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்கு செவ்வாய்க்கிழமை காலையில 8 மணிக்கு ஹார்ட் ஆபரேஷன். வந்துடுவியா?"

போனை வைத்ததும் மகள் தேடிப் பார்த்தது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை. சுமார் 15,300 கி.மீ. நேரடி விமானத்தில் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடங்களில் ஒன்று. செவ்வாய்க்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு நிம்மதி வந்தது. கணக்குப் போட்டதும் அது போய்விட்டது. அன்றைய விமானம் கிளம்பிவிட்டது. ஞாயிறு இரவு பத்தரைக்கு ஏறினால், இறங்கும்போது செவ்வாய் அதிகாலை 5 மணி தாண்டியிருக்கும். நடுவில் திங்கட்கிழமை என்று ஒன்று கண்ணிலேயே படாது.

இவ்வளவு தூரம் பறப்பதற்கென்றே கூடுதல் எரிபொருள் பிடிக்கும்படி தயாரித்த ஏ350 ரகம் அது. 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்தபோது கை நின்றது. ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் மலிவு. ஆனால், அது வந்து சேர இன்னும் தாமதமாகும். கார்டை எடுத்து எண்ணைத் தட்டினார்.

உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் அப்படியே போவதில்லை. அன்றைய காற்றைப் பார்த்து, சில நாள் அட்லாண்டிக் பக்கம், சில நாள் பசிபிக் பக்கம். அதனால் பயண நேரமும் நாளுக்கு நாள் மாறும். அன்று புறப்படவே 40 நிமிடம் தாமதம். முன் இருக்கையின் திரையில் 'மீதி நேரம்' என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது 7 மணி 20 நிமிடம். அம்மாவைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். மகளின் கையைப் பிடித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மாத்திட்டியா?"

"மாத்த வேண்டாம்மா. அதே மணிதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த மகள் அப்படியே தூங்கிப்போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொல்ல, தம்பி இரண்டு முறை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.