பெட்டி மாற்றும் படலம்

ஹார்ட் டிஸ்க்கில் இரண்டே ரகம் என்பார்கள் கம்ப்யூட்டர்காரர்கள். செத்துப்போனது, சாகப்போவது. எங்கள் ஹாலில் டி.வி.க்குப் பின்னால் எட்டு வருஷமாக முனகிக்கொண்டிருந்த பெட்டி இரண்டாவது ரகம். பெயர் நாஸ். வீட்டு நெட்வொர்க்கில் தொங்கும் ஒரு சேமிப்புக் கிடங்கு. யார் போட்டோ எடுத்தாலும் அதில் போய் உட்கார்ந்துவிடும். சமீபத்தில் ராத்திரி வேளைகளில் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் பேச ஆரம்பித்தால் உயில் எழுதுகிறது என்று அர்த்தம். புதுப்பெட்டி வாங்கியாயிற்று.

"உள்ளே ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்காதா?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் இந்த ஏற்பாடு 'ரெய்டு' வகையைச் சேர்ந்தது. 1988-ல் பெர்க்லியின் பேட்டர்ஸன், கிப்ஸன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. ஆனால், அது கண்ணாடி மாதிரி. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் கண்ணாடியும் அதே விநாடி அழிக்கும். தவிர, ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே வயசு. நகல் என்றால் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது. பிக்ஸார்காரர்கள் நகலைத் தேடினால், அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. போர்வை சுற்றி, காரில் வைத்து, பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் சொத்து 4 டெராபைட். ஜிகாபிட் வயரில் விநாடிக்கு 110 மெகாபைட் என்று வைத்தால், 10 மணி நேரம். ஆனது மூன்று நாள். காரணம், லட்சக்கணக்கான சின்ன ஃபைல்கள். லாரியில் பீரோவை ஏற்றுவது சுலபம். உள்ளே இருக்கும் கர்ச்சீப்புகளை ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கி ஏற்றினால்?

வயசான டிஸ்க் இப்படி ஓயாமல் படிக்கும்போதுதான் மண்டையைப் போடும். எனவே எது முதலில் போக வேண்டும் என்பது முக்கியம். 3 டெராபைட் சினிமாவும் சீரியலும் கடைசியில் வரட்டும், அல்லது வராமலே போகட்டும். உலகத்தில் வேறெங்கும் இல்லாதது எது என்று தேடினேன். 'அப்பா கேஸட்' என்றொரு ஃபோல்டர். 11 மெகாபைட். தங்கை சின்ன வயசில் பாடியதைப் பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவே அப்பாவின் குரல், "ஃபேனை நிறுத்துடா, இரையறது பார்." அவர் குரலில் மிச்சம் இவ்வளவுதான். மூல கேஸட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது.

முதலில் அதை அனுப்பினேன். ஒரு விநாடி ஆகவில்லை.

கொண்டுபோனது ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆஸ்திரேலியாவில் எழுதியது. பாதியில் கரன்ட் போனாலும் விட்ட இடத்துக்கு வந்து, மிச்சத்தை மட்டும் அனுப்பும். தேதியையும் சேர்த்துக் கொண்டுவா என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 2003-ல் ஸ்கேன் செய்த கல்யாண போட்டோ நேற்றைக்குப் பிறந்ததாகிவிடும். அப்புறம் செக்சம். ஒரு ஃபைலை முழுக்க அரைத்து ஒரு நீள எண்ணாக்கிவிடுவது. ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். இரண்டு பெட்டியிலும் எண்கள் ஒத்துப்போன பிறகுதான் தூங்கப்போனேன்.

இதெல்லாம் நமக்குப் புதுசில்லை. ஓலை நைந்துபோவதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். யாரோ உட்கார்ந்து பெயர்த்த நூல் பிழைத்தது, மற்றது செல்லுக்குப் போயிற்று. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது அப்படி மிஞ்சியவற்றைத் தேடித்தான். எந்த ஓலையும் நிரந்தரமில்லை, எந்த டிஸ்க்கும். அடுத்த தடவை பெயர்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பழைய பெட்டியை அழிக்கவில்லை. பரணில் தூங்குகிறது. அப்பாவின் 11 மெகாபைட் தங்கை வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, எது எங்கே இருக்கிறது என்ற விவரத்தோடு பையனிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சினிமா எல்லாம் வந்துடுச்சா?" என்றான்.