ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று கேட்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு ஒவ்வொரு வருஷமும் என் இன்பொக்ஸுக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும். "டீச்சர், வீட்டுல சும்மாதான் இருக்கோம். ஊருக்கு ஏதாவது செய்யணும் போல இருக்கு. எங்க போய்ச் சேர்ற?" இந்த முறை பிள்ளைகளோடு சேர்த்து ஓய்வுபெற்ற ஒரு சேரும், கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிற ஒரு தம்பியும், மூன்று பிள்ளைகளின் தாயான என் பழைய வகுப்புத் தோழியும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரமில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு அமைப்பின் பெயரை. நான் அதைச் சொல்வதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் கரையில் அமைப்புகளுக்கா பஞ்சம்? பள்ளி நிர்வாகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், ஜனாஸா சங்கம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அதற்குமேல் வாட்ஸ்அப் குறூப்புகள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாப் பதவிக்கும் ஆள் இருக்கிறது. ஒரு வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் போய் நிற்கிற இரண்டாவது ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் மக்களுக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நான் பத்தாம் ஆண்டு மாணவி. இலங்கையில் சுனாமியில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். அறுகம்பே பாலம் உடைந்து, இந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் என்று நின்றோம். வெளியிலிருந்து ஒரு லொறி வந்து சேருவதற்கு முன்னமே, தண்ணீர் ஏறாத வீடுகளில் கிடாரம் அடுப்பில் ஏறிவிட்டது. யாருடைய அரிசி, யாருடைய விறகு என்று கணக்குப் பார்த்தவர் இல்லை. ஜனாஸாக்களைத் தூக்கியதும் அடக்கியதும் பக்கத்துத் தெரு ஆட்கள்தான்.

2024 நவம்பர் வெள்ளமும் நினைவிருக்கும். மதரஸாவிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் ட்ரெக்டர் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. படையினரோடு சேர்ந்து அந்தத் தண்ணீருக்குள் தேடியவர்கள் சுற்றியிருந்த ஊர்களின் இளைஞர்கள். நாட்கணக்காகத் தேடினார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையால் போகும்போது பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும்.

அந்த மாதிரி நாட்களில் எங்களுக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் பிரச்சினை. நிவாரண குறூப்பில் ஒரு மாசத்துக்குப் பிறகு "ஜும்ஆ முபாரக்" படம் மட்டும் வரும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் ஊருக்கு என்ன தேவை என்று யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெண் ஜனாஸாவைக் குளிப்பாட்டுகிற ராத்தாமார் எங்கள் பகுதியில் மூன்று பேர். மூத்தவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வருத்தம், குந்தியிருக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு ஆள் போனாலும் அவர் எழும்பி வருவார். ஒரு சதம் வாங்கியதில்லை. குளிப்பாட்டுவது மட்டுமா? கபன் துணியை அளவு பார்த்து வெட்ட வேண்டும், பெண்ணுக்கு ஐந்து துண்டு. கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம் கலக்க வேண்டும். மகள்மார் அழுதுகொண்டு நிற்கும்போது அவர்களையும் கூட்டிச் சேர்த்துத் தாய்க்குத் தண்ணீர் ஊற்ற வைக்க வேண்டும். நோயில் கிடந்த உடம்பில் எதைக் கண்டாலும் வெளியில் வந்து வாய் திறக்கக் கூடாது. இதெல்லாம் கிதாபில் இருக்கிறதுதான். ஆனால் கை பழகுவது பக்கத்தில் நின்றால்தான்.

போன வருஷம் அந்த ராத்தா கொழும்பில் மகள் வீட்டில் நின்ற நேரம் இங்கே ஒரு மௌத்து நடந்தது. மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஆஸ்பத்திரியில். ஒருவர் தனியாக என்ன செய்வார்? அடுத்த ஊரிலிருந்து ஆள் எடுத்து வரும்வரை அந்த வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வீடு நிறையப் பெண்கள், பட்டதாரிகள் எத்தனை பேர், டீச்சர்மார் எத்தனை பேர். துணியைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லை.

இப்போது இரண்டு இளம் பெண்கள் அந்த ராத்தாவோடு போய் நிற்கிறார்கள். முதல் நாள் ஒருத்திக்குக் கை நடுங்கி வாளி கவிழ்ந்துவிட்டது. "பரவாயில்ல மகள், நானும் முதல்ல அப்படித்தான்" என்று ராத்தா சொன்னாராம். இதுவரை நான்கு ஜனாஸாவுக்குப் போய்விட்டார்கள். இதற்கு பெனர் அடிக்கவில்லை, போட்டோ போடவும் முடியாது. ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று என்னிடம் கேட்கிற தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டதும் பாதிப் பேர் பயந்து பின்வாங்குவார்கள். பரவாயில்லை, மற்றப் பாதிப் பேர் போதும்.

இனிக் கடிதம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு மூத்தம்மா இருக்கிறார், மூத்த மகனோடு. அவருக்கு ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். யாரிடம் கொடுத்து வாசிப்பது என்று தெரியாமல், தொலைந்துபோகக் கூடாது என்று அலுமாரிக்குள் குர்ஆனுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆறு கிழமைக்குப் பிறகு என்னிடம் காட்டினார். அஸ்வெசுமவுக்கு அவர் போட்ட மேன்முறையீடு சம்பந்தமாக வரச் சொன்ன கடிதம் அது. திகதி போய்விட்டிருந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆனால் அந்தச் சட்டத்தை மூத்தம்மாவின் அலுமாரிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் இருக்கவில்லை.

2023இல் அஸ்வெசும தொடங்கியதிலிருந்து எங்கள் பகுதி ஏழைகளின் வாழ்க்கை பெரும்பாலும் படிவங்களில்தான் ஓடுகிறது. விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கிக் கணக்கு, தகவல் புதுப்பித்தல். இதில் பாதி ஒன்லைனில். ஸ்மார்ட் போன் பேரனிடம் இருக்கும், பேரன் ஹோட்டல் வேலையில் இருப்பான். ஓ.எல். எழுதிய ஒரு பிள்ளைக்கு இது இருபது நிமிஷ வேலை. மூத்தம்மாவுக்கு அதுதான் அந்த மாசத்து மருந்துக் காசு.

அதனால் நாங்கள் நான்கு பேர், இரண்டு டீச்சர்மாரும் ஏ.எல். படிக்கிற இரண்டு பிள்ளைகளும், ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இருந்து கடிதம் வாசிப்பதும் படிவம் நிரப்புவதும் என்று தொடங்கினோம். இப்போது ஏழு மாசம். முதல் கிழமை ஒருவரும் வரவில்லை, நாங்களே தேநீர் குடித்துவிட்டு எழும்பினோம். மூன்றாவது கிழமை அந்த மூத்தம்மாவே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் புதிதாக ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் முதலே போய்ச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். இல்லாவிட்டால் 'தேர்தலுக்கு ஆள் பிடிக்கிறார்கள்' என்று கதை வரும். வந்தது, பிறகு நின்றுவிட்டது.

பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்திருக்கிற ஒழுங்கு கொஞ்சம்தான். யாருடைய அடையாள அட்டையையும் உங்கள் போனில் படமெடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு வருமானத்தை வெளியில் பேசாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள், பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு அடுத்த கிழமை எழுதலாம். காசு, பழம், முட்டை எது தந்தாலும் வாங்காதீர்கள். (முட்டை விஷயத்தில் மூத்தம்மாமாரை வெல்ல முடியவில்லை. வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.)

கடற்கரை துப்புரவைப் பற்றியும் கேட்கிறீர்கள். சீசன் தொடங்குகிற ஏப்ரலில் அறுகம்பேயில் இது பெரிய விஷயம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் உறை போட்டுக்கொண்டு வருவார்கள், எங்கள் பிள்ளைகளும் ரீஷேர்ட்டோடு போவார்கள், பை நிறையும், போட்டோ வரும். போவது நல்லதுதான், நானும் போகிறேன். ஆனால் அந்தப் பை பிறகு எங்கே போகிறது என்று கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் பள்ளக்காட்டில் ஒன்பது ஊர்களின் குப்பை திறந்த வெளியில் கொட்டப்பட்டு, அதைத் தின்ன வந்த யானைகள் எட்டு வருஷத்தில் ஏறத்தாழ 20 செத்துப்போயின என்று 2022இல் செய்தி வந்தது. வயிற்றுக்குள் பொலித்தீனும் சாப்பாட்டுச் சுற்றுத் தாளும். கடற்கரையிலிருந்து எடுத்ததைப் பிரிக்காமல் ஒரே பைக்குள் கட்டினால், குப்பையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றி வைத்தோம், அவ்வளவுதான்.

பிரிக்கிற வேலைதான் அலுப்பு, அதற்குத்தான் ஆள் வராது. போத்தல் தனி, மூடி தனி, சோறு பட்ட பொலித்தீன் தனி. அறுகம்பேயில் 'வேஸ்ட் லெஸ் அறுகம்பே' என்று பிளாஸ்ரிக்கைச் சேர்த்து மறுபடி பொருளாக்குகிற முயற்சி இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் வாங்காமல் நிரப்பிக்கொள்ள இடங்களும் வைத்தார்கள். பழைய அரிசிப் பையில் கைப்பை தைக்கிற 'ரைஸ் அன்ட் கெரி'யில் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை செய்து சம்பளம் எடுக்கிறார்கள். இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று ஒதுங்கி நிற்காமல் போய்ப் பாருங்கள். உங்கள் தெருவில் பத்து வீடுகள் போத்தலைக் கழுவித் தனியாக வைக்கப் பழகினால், ஒரு நாள் துப்புரவை விட அது பெரிய வேலை என்பது என் அபிப்பிராயம். என் தெருவில் இதுவரை நான்கு வீடுகள் பழகியிருக்கின்றன.

நேரமே இல்லை என்கிறவர்களுக்கு இரத்ததானம். 18 முதல் 60 வயது, நிறை 50 கிலோவுக்குக் குறையாமல், நான்கு மாசத்துக்கு ஒருமுறை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைப் பக்கம் வேறு வேலைக்குப் போகிற நாளிலேயே கேட்டுப் பார்க்கலாம். இலங்கையில் இரத்தம் காசுக்கு வாங்குவதில்லை, முழுக்க முழுக்க மனமுவந்து கொடுப்பவர்களை நம்பித்தான் ஓடுகிறது. "அவசரமாக ஓ நெகட்டிவ் தேவை" என்று ஷெயார் பண்ணுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் இரத்த வகை என்ன என்று பார்த்திருக்கிறோம்?

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் சிரமதானம் என்றால் எங்களுக்கு மண்வெட்டியும் புல்லும்தான். யாராவது அதிதி வரும் நாளுக்கு முதல் நாள் நடக்கும். அந்தச் சொல்லை நாடெங்கும் கொண்டு போனவரும் ஒரு ஆசிரியர்தான் என்று பிறகுதான் வாசித்தேன். ஏ.ரீ. ஆரியரத்ன, கொழும்பு நாலந்தா கல்லூரியில் படிப்பித்தவர். 1958இல் தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த மக்களின் ஊர் அது. மாணவர்கள் அங்கேயே தங்கி அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதயம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அவர் 2024 ஏப்ரலில் காலமானார். நாங்கள் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று சொல்கிறவர்கள். அவருக்கும் பாடத்திட்டம் இருந்திருக்கும்தானே.

என் தோழி கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று பிள்ளைகள், மாமிக்கு வருத்தம், மாப்பிள்ளை வெளிநாட்டில். அவளுக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முடியாது. பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறது, அதன் உம்மா காலையில் ஹோட்டலுக்குத் துணி கழுவப் போய் மஃரிபுக்குத்தான் வருவார். அந்தப் பிள்ளையைத் தன் மகனோடு சேர்த்து இருத்தி வாசிக்க வைக்கச் சொன்னேன். "இதுவும் சமூக சேவையாடி?" என்று சிரித்தாள். வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு எனக்கு முடியாதது அவள் குசினி மேசையில் முடியும். ஒரே நிபந்தனை, வருகிறேன் என்று சொன்ன நாளில் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பாடசாலையில் வரவு எடுப்பதைப் போலத்தான். இரண்டு தரம் ஏமாந்தால் அந்தப் பிள்ளை மூன்றாம் தரம் கதவைத் தட்டாது.

கட்டார் தம்பிக்கு: நீங்கள் திரும்பிப் போக இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது என்றீர்கள். புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். உங்களுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும் என்று உங்கள் ராத்தா சொன்னார். எங்கள் விறாந்தையில் இருக்கிற நால்வரில் ஒருவருக்குத்தான் சரளமாக வரும், அவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை. சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வாருங்கள், நாலரைக்குத் தொடங்குவோம். கறுப்புப் பேனை இரண்டு கொண்டு வாருங்கள், நீலப் பேனையால் எழுதியதை சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள்.