மீ.சி.ம எதுக்கு டீச்சர்?

இரவு பதினொன்றரை. ஹாலில் மகளின் இரண்டு சக்கர ரோபோ மறுபடியும் குப்புற விழுந்தது. காலையில் கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிவ்யூ.

"சாய்வை மட்டும் திருத்தினா நிக்குதும்மா. ஆனா அங்கேயும் இங்கேயும் நகர்ந்துட்டே இருக்கு. சக்கரத்தை அடக்க இன்னொரு ப்ரோகிராம் சேர்த்தேன். உடனே விழுந்துடுது. தனித்தனியா கணக்குப் போட்டா ரெண்டும் சரியாத்தான் வருது!" என்றாள், அழாத குறையாக.

அம்மா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அன்று காலைதான் ஒரு பையன், "மீ.சி.ம எதுக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தான். "பரீட்சைக்கு வரும்டா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் திருத்துது?"

"சாய்வை 4 மில்லி விநாடிக்கு ஒருதரம். சக்கரத்தை 10-க்கு ஒருதரம்."

"ரெண்டும் ஒண்ணா வர்றது 20-ல. அந்த இருபதுக்குள்ள நடக்கிறதை எல்லாம் சேர்த்து ஒரே கணக்கா போட்டியா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். போடவில்லை.

வேகம் வெவ்வேறாக உள்ள கட்டுப்பாடுகளை ஒரே பொதுக் கால அளவுக்குக் கொண்டுவந்து ஆராயும் வழியை கிராங்க் என்ற ஆய்வாளர் 1957-லேயே எழுதிவிட்டார். 1969-ல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 ஓடத்திலும் இரண்டு வேகம்தான். பாதைக் கணக்கு 2 விநாடிக்கு ஒருமுறை, சாய்வைத் திருத்துவது விநாடிக்கு 10 முறை.

மகள் நோட்டை எடுத்தாள். 0, 4, 8, 10, 12, 16 என்று ஆறு கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் அணி. "வரிசை மாத்திப் பெருக்கிடாதே, விடை மாறிடும்" என்றார் அம்மா. ஆறையும் பெருக்கினால் ஒரே அணி. அதன் ஐகென் மதிப்புகள் எல்லாம் அளவில் 1-க்குக் கீழே இருந்தால், தள்ளிவிட்டாலும் ஆட்டம் தானாக அடங்கும். ஒன்றே ஒன்று தாண்டினாலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

வந்தது 1.08. கவிழாமல் என்ன செய்யும்?

சக்கரத் திருத்தத்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தாள். இரண்டு மணிக்கு 0.93 வந்தது. ரோபோவைத் தரையில் விட்டாள். நின்றது. அம்மா ஒரு விரலால் தள்ளினார். தள்ளாடிவிட்டு மறுபடி நின்றது.

"ரிவ்யூ முடிஞ்சதும் இதை ஒருநாள் என் கிளாஸுக்குக் கொண்டு வர்றியா?" என்றார் அம்மா. "ஒரு பையனுக்குப் பதில் சொல்லணும்."