துறைமுகக் கதையும் சொல்பவர் குரலும்

கொடுத்த குறிப்பை மனனஞ்செய்து பரீட்சைத்தாளில் இறக்கிவைப்பது நமது கல்வியிற் பழைய வழக்கம். கற்றது தம்மை எவ்வாறு மாற்றியது என்று மாணவர் எண்ணிப்பார்க்க அதில் இடமில்லை. எண்ணிமக் கதைசொல்லல் இக்குறைக்கு ஓரளவு மருந்தாகலாம். 1990களிற் கலிபோர்ணியாவில் டேனா அட்ச்லி, ஜோ லம்பேட் முதலியோர் வளர்த்த முறை இது. இரண்டு மூன்று நிமிடப் படம், சில நிழற்படங்கள், சொல்பவரின் சொந்தக் குரல், அவ்வளவே. 2001 முதற் சில ஆண்டுகள் பி.பி.சி. நிறுவனம் வேல்ஸ் நாட்டுப் பொதுமக்களைக் கொண்டு இவ்வாறான கதைகளைச் செய்வித்தது.

திருகோணமலைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டுவீசியது வரலாற்று நூற்செய்தி. சீனக்குடாவை அடுத்துப் பற்றைக்காட்டினுள் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளும் அத்தகைய செய்தியே. இவற்றை அடுக்கிக் காட்டினால் விவரணப்படம் கிடைக்கும், கதை கிடைக்காது. கொட்டியாரக்குடாவில் வலைபோடும் ஒருவரின் மகள், அத்தாங்கிகளை வீதியிலிருந்து மட்டுமே பார்த்து வளர்ந்ததைச் சொல்லத் தொடங்குகிறாள் என்க. வேலிக்கு அப்பால் யார் போகலாம், யார் போகலாகாது என்பதை அவள் எந்த வயதில் அறிந்தாள்? அதை ஏன் ஒருநாளும் கேள்வியாக்கவில்லை? அவளுக்குள்ள இடமோ முந்நூறு சொற்கள். எதை வைப்பது, எதை விடுவது என்னும் அந்தத் தடுமாற்றத்திலேதான் சிந்தனை நிகழ்கிறது. கைபேசியின் வேலை அதற்குப் பின்னரே. (கருவி வந்தாற் கல்வியும் வந்துவிடும் என்போர் இதனைக் கவனிப்பதில்லை.) எழுதியதைத் தன் குரலிற் பதிந்து கேட்கும்போது, இரவல் வாக்கியம் அவள் காதிலேயே உறுத்தும்.

பதிவுக்கு முன்னர் மாணவர் வட்டமாக அமர்ந்து தத்தம் கதையைச் சொல்லுவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில் இக்கட்டமே மிகப் பயனுடையது. ஒரே கடலைப் பற்றிப் பிறர் வைத்திருக்கும் நினைவு அங்கே முதன்முறை காதில் விழக்கூடும்.

ஆயினும் ஓர் அச்சம் உண்டு. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் 2009இல் முடிந்த போரையும் கண்ட மண் இது. தாய் வாய்திறவாத துயரை மகன் புள்ளிக்காகப் படமாக்குவது முறையா? துயரம் மிகுந்தாற் புள்ளியும் மிகும் என்ற எண்ணம் வகுப்பிற் பரவிவிட்டால் இம்முறையும் மனனம்போற் கெட்டுவிடும். ஆதலால், படத்துக்கன்றி, அதை ஏன் அவ்வாறு அமைத்தார் என மாணவர் எழுதும் இரண்டு பக்கத்துக்கே புள்ளியிடுவது தக்கது. திரையிட மறுக்கும் உரிமையும் அவருக்கு இருத்தல் வேண்டும். தாய் விரும்பாவிடின் அவர் முகம் படத்தில் வரவேண்டியதில்லை. கரையில் உலரும் வலையின் நிழற்படம் போதும்.