வீரனின் கடமை எது?

வீரன் ஒருவன் தன் கடமை எதுவெனத் தன்னையே வினவும் வேளையில்தான் பெருங்கதைகள் பிறக்கின்றன. குருசேத்திரத்தில் வில்லைத் தாழ்த்திய அர்ச்சுனன் தொட்டு இவ்வினா இந்நாட்டு இலக்கியத்தில் ஒலித்து வருகிறது. தமிழ்ப் புதினத்தில் அதனை எழுப்பியவர்களுள் ஒருவர் நா. பார்த்தசாரதி (1932–1987). ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்து நதிக்குடியே அவர் பிறந்த ஊர்.

அவர்தம் கற்பனைப் பெருங்கதையான 'மணிபல்லவ'த்தின் நாயகன் இளங்குமரன், பூம்புகாரின் முரட்டு இளைஞன். நீலநாக மறவரின் படைக்கலச் சாலையில் பழகியவன். யவன மல்லனை மற்போரில் வென்றவன். ஊரார் வியந்த அத்தோள்வலிமையே அவனுக்குப் போதாமற் போகிறது. பிறரை வெல்வதற்கென்றே வாழ்வதா என்னும் ஐயம் அவனைத் திருநாங்கூரில் நாங்கூர் அடிகளின் மாணவனாகக் கொண்டு சேர்க்கிறது.

இவ்விடத்தில் அரபுச் சொல்லொன்று நமக்குத் துணை செய்கிறது. 'ஜஹ்ல்' என்றால் அறியாமை என்றே மதரஸாச் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளிலோ அச்சொல் கட்டுக்கடங்காச் சீற்றத்தையும் குறித்தது. 'இல்ம்' என்னும் அறிவு மட்டுமன்று, 'ஹில்ம்' என்னும் பொறையும் அதன் எதிர்ச்சொல்லாய் நின்றது. இளங்குமரன் விட்டு நீங்க முயன்றது இவ்விரு பொருளிலுமான ஜஹ்லையே. மற்போரில் வெல்பவனைவிடச் சினத்தில் தன்னை ஆள்பவனே வலியவன் என்னும் நபிமொழிக் கருத்தை அறிந்த நமக்கு இக்கதையின் உட்பொருள் அந்நியமன்று.

நம் வட்டாரமும் இதற்குச் சான்று பகரும். வேட்டுவத் தலைவன் வில்லியின் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் ஸ்ரீவில்லிபுத்தூரை உலகம் அறிவது பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய தமிழால். போர்மரபு பேசும் ராஜுக்கள் குடியேறிய ராஜபாளையம் நூற்பாலைகளால் பெயர் பெற்றது. ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பெற்றது 1936இல். அவ்வூரின் பி. எஸ். குமாரசாமி ராஜா காந்திய நெறி நின்று, 1949இல் சென்னை மாகாண முதலமைச்சரானார்.

கைநீட்டும் மகனை 'ஆண்பிள்ளை' என மெச்சும் இல்லங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. கதைநூல் என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். அன்பர்களே, அம்மகன் கையில் இந்நூலைக் கொடுங்கள். படித்து முடித்தபின், இளங்குமரன் படைக்கலச் சாலையை நீங்கியது அச்சத்தாலா என்று கேளுங்கள். விடையை அவனே தேடட்டும்.