மூன்று தூரம் – 5: மிராமர் கரையில்

மட்காவ் நிலையத்தில் இறங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து கேரளம், கொங்கன் ரயில்வே என்று வந்த சைக்கிள், சக்கரம் கழற்றிய நிலையில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பனாஜி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை மாட்டி முடித்து, கியரெல்லாம் சரியாக விழுகிறதா என்று தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் சாப்பாடு.

மாண்டவி ஆறு அரபிக்கடலில் சேரும் இடம் மிராமர். எதிரே ரெய்ஸ் மாகோஸ் கோட்டையும் அகுவாடா கோட்டையும் தெரியும். கோவாவின் அயர்ன்மேன் 70.3 போட்டி 2019இல் இந்தக் கரையில்தான் தொடங்கியது. அந்தப் போட்டிக்காகத்தான் வந்திருந்தேன். 70.3 என்பது மைல் கணக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத்தையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஷூ மாட்டும் நேரமும் அதற்குள்தான்.

இந்த வரிசைதான் என்னைப் பல மாதங்களாக யோசிக்க வைத்தது. ஓடியே வளர்ந்தவனுக்கு ஓட்டம் கடைசியில் வருகிறது.

நான் வளர்ந்த கோவில்பட்டி ஹாக்கி ஊர். என் வயதுப் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போன காலத்தில் நான் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன். ஜோனல், மாவட்டம் என்று 1500 மீட்டர் ஓடினேன். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, முதுகில் ஊக்கு குத்திய எண். பி.டி. சார் சொல்லித்தந்த பாடம் ஒன்றே: முன்னால் போகிறவன் முதுகோடு ஒட்டிக்கொள், காற்றை அவன் வாங்கட்டும், கடைசி இருநூறு மீட்டரில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடு. கல்லூரி முடிந்து வேலைக்குப் போன பிறகும் நான் ஓடுவதை நிறுத்தவில்லை. மாரத்தான்கள் வந்தன. சைக்கிள், நீச்சல் பயிற்சிகள் வெகு காலம் கழித்துத்தான் வந்தன.

ட்ரையத்லான் என்ற இந்த மூன்று பிரிவுப் போட்டியைத் தொடங்கியவர்களே ஓட்டக்காரர்கள்தான் என்று படித்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. 1974 செப்டம்பர் 25 அன்று கலிஃபோர்னியாவின் மிஷன் பே பகுதியில், சான் டியாகோ டிராக் கிளப் என்ற ஓட்டச் சங்கம் நடத்திய போட்டிதான் அந்தத் தொடக்கம். 46 பேர் கலந்துகொண்டார்கள். ஓட்டத்தில்தான் தொடங்கியது. அங்கே ஓடிய கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேனை நடத்தினார்கள். இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அதில் நீச்சல் முன்னால் வந்துவிட்டது. இன்று எங்கும் அதுவே வழக்கம், சரியான வழக்கமும்கூட. களைத்தவன் சைக்கிளை ஓரம் கட்டலாம், ஓட்டத்தில் நடக்கலாம். கடலில் அப்படி எங்கே போய் நிற்பது?

போட்டியன்று விடியும்போது கரையில் நின்றோம். தண்ணீர் 24.5 டிகிரிக்குள் இருந்தால்தான் எங்களைப் போன்ற அமெச்சூர்கள் வெட்சூட் அணியலாம். அக்டோபரில் இந்தக் கடல் அதைவிட வெதுவெதுப்பு. ஆகவே உடம்பை மிதக்கவைக்க ரப்பர் உடையின் உதவி யாருக்கும் இல்லை. சில நொடி இடைவெளியில் சிலர் சிலராக இறக்கினார்கள்.

நான் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு. தலையைத் தூக்கி அடிக்கும் நீச்சல் அது. ஃப்ரீஸ்டைலுக்காக முப்பது வயதுக்கு மேல் நீச்சல் குளத்தில் சேர்ந்தபோது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளிவிடுவதை ஆதியிலிருந்து பழக வேண்டியிருந்தது. ஆனால் குளத்தின் அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடு கடலில் கிடையாது. மண் கலங்கிய தண்ணீரில் சொந்தக் கையே தெரிவதில்லை. சில வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும். அங்கே கிணறு கைகொடுத்தது. கழுத்து வலிக்காமல் தலை தூக்க எனக்குத் தெரிந்திருந்தது. குளத்திலேயே பழகியவர்கள் பலர் வளைந்து வளைந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். கால்களை நான் அதிகம் அடிக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

சைக்கிளில் பி.டி. சார் பாடம் செல்லாது. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டிப்போனால் தண்டனை நேரம். காற்றை அவரவரே வாங்க வேண்டும் என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடிக் காற்றில் கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தபடி நான்குவழிச் சாலையில் மிதித்த காலைகள் இதற்காகத்தான். ஏற்றங்களில் பலர் எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டினார்கள். விட்டுவிட்டேன். ஓட்டப்பந்தயத்தில் வளர்ந்த மனசுக்கு அது லேசான காரியமில்லை. முதல் பாதியிலேயே கடலை மிட்டாயைத் தின்று முடித்தேன். அதன் பிறகு மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. ஜெல்லும் உப்புத் தண்ணீரும்தான்.

சைக்கிளை மாட்டிவிட்டு ஓடத் தொடங்கும் முதல் கிலோமீட்டரை எப்படிச் சொல்ல? மணிக்கணக்காக இடுப்பை மடித்து உட்கார்ந்து வட்டமடித்த தொடைகள் நிமிர மறுக்கின்றன. காலடி குறுகுகிறது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தால், நினைத்ததைவிட வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருப்போம். மிதித்த வேகம் காலில் தங்கிவிடுகிறது. இதற்காகவே சைக்கிள் முடித்த கையோடு ஓடும் பயிற்சி உண்டு; பிரிக் என்பார்கள். வாரந்தோறும் செய்திருந்ததால், அந்தக் கனம் சற்று நேரத்தில் இறங்கும் என்று கால்களுக்கே தெரியும். குட்டையடிகளாக எடுத்துவைத்துக் காத்திருந்தேன்.

தோனா பாவ்லா பக்கம் போகும் சாலையில் வெயில் ஏறிவிட்டது. புழுக்கம் தாங்காமல் பனிக்கட்டியைத் தொப்பிக்குள் கொட்டிக்கொண்டோம். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப்போன சைக்கிள்காரர்கள் சிலர் இப்போது நடந்தார்கள். ஒருவர் கோலாப்பூர்க்காரர், தொடை பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த உப்பு மாத்திரையைக் கொடுத்தேன். "தௌடோ, பாய்" என்று முதுகில் தட்டி அனுப்பினார். ஓடினேன். கடைசிச் சுற்று என் முதல் சுற்றைவிட வேகம்.

மாலையில் சைக்கிளை மறுபடி கழற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அடுத்து மலேசியாவின் லங்காவித் தீவு. 3.8, 180, 42.2 என்ற முழுத் தூரம், மலையேற்றங்களோடு. அதற்கான ஏற்பாடுகள் அடுத்த இதழில்.

(தொடரும்)